கேட்காமல் விட்ட துக்கம்

கல்யாணத்துக்கும் சாவுக்கும் என்னிடம் இருப்பது ஒரே நாற்காலிதான். சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. முதுகில் 'தனபால் சாமியானா செட்' என்று பெயின்ட் அடித்திருக்கும். நேற்று ஒரு வீட்டில் அழுதவர்கள் உட்கார்ந்த நாற்காலியில் இன்று இன்னொரு வீட்டில் சம்பந்திகள் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடுவார்கள். கழுவித்தான் அனுப்புகிறேன், யாரும் முகம் சுளிக்க வேண்டாம். மல்லசமுத்திரத்துக்கும் ஆட்டையாம்பட்டிக்கும் நடுவில் எந்த ஊரில் நல்லது கெட்டது நடந்தாலும் என் குட்டியானை வண்டி போய் நின்றாக வேண்டும். அதனால் ஒருவர் செத்துப்போனால் அவருடைய சம்பந்தி வீட்டுக்குச் சேதி போகுமுன் எனக்கு வந்துவிடும்.

இது தெரிந்துதான் சென்னியக்கா தினமும் காலையில் எனக்குப் போன் போடுவார்.

"தனபாலு, இன்னிக்கு எங்க சாமி பந்தலு?"

"ராமாபுரத்துல ஒரு காதுகுத்துங்கக்கா."

"அதில்ல. எழவு?"

"எழவு ஒண்ணும் இல்லீங்க."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

என்னமோ நான் அலமாரியில் எடுத்து ஒளித்து வைத்திருக்கிற மாதிரி. இல்லை என்றால் அவர் குரல் இறங்கிப்போகும். இருக்கிறது என்றால், எந்த ஊர், யார் வீடு என்று கேட்டு முடிப்பதற்குள் பின்னால் ஸ்கூட்டி கிளம்புகிற சத்தம் கேட்கும். செத்தவர் உறவா, பழக்கமா, ஒன்றும் கிடையாது. ஐம்பத்தைந்து வயசுப் பொம்பளை. நேராகப் போவார், வீட்டுப் பெண்களைக் கட்டிப் பிடித்து அழுவார், பக்கத்தில் உட்கார்ந்து துக்கம் கேட்பார். பிணத்தை எடுக்கும் முன் தன் வீட்டுக்குத் திரும்பிவிடுவார். வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரத் தலையோடு வாசலில் அங்கும் இங்கும் நடப்பார். அவர் உட்கார்ந்து காபி குடித்து நான் பார்த்ததில்லை. நின்றுகொண்டேதான் குடிப்பார், அதுவும் ஒரு கையில் வண்டிச் சாவியோடு.

எங்கள் பக்கத்தில் துக்கம் கேட்பது என்றால் சும்மா தலையைக் காட்டிவிட்டு வருவதல்ல. ஆண்கள் கையை நீட்டுவார்கள், வீட்டுக்காரர் அந்தக் கையைத் தொட வேண்டும். பெண்கள் கட்டிப் பிடித்து ஒரு பாட்டம் அழுவார்கள். அழுது, மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு, "எப்படி சாமி ஆச்சு?" என்று ஆரம்பிப்பார்கள். என்ன காய்ச்சல், எந்த ஆஸ்பத்திரி, யார் பக்கத்தில் இருந்தார்கள், கடைசியாக என்ன சாப்பிட்டார், தண்ணீர் யார் கொடுத்தார்கள். வீட்டுக்காரி எல்லாம் சொல்வாள். அடுத்த வண்டியில் அடுத்த கூட்டம் வந்து இறங்கும். மறுபடியும் முதலிலிருந்து. இப்படிச் சொல்லிச் சொல்லிப் பொழுது சாய்வதற்குள் தொண்டை கட்டிவிடும், மனசும் கொஞ்சம் மரத்துவிடும். இந்த ஏற்பாட்டைச் செய்தவன் எவனோ, கெட்டிக்காரன்.

சென்னியக்காவின் வீட்டுக்காரர் காளியண்ணன் லாரி டிரைவர். இரண்டாவது அலை வந்த அந்த மே மாதத்தில் நாக்பூர் லைன் போய்விட்டு வந்தவர் காய்ச்சலோடு இறங்கினார். ஆம்புலன்ஸ் வந்து சேலத்துக்குக் கொண்டு போனது. அக்காவுக்கும் தொற்று என்று சொல்லி வீட்டு கேட்டில் பேனர் கட்டிவிட்டார்கள். மகன் கௌசிக் மட்டும் ஆஸ்பத்திரி வாசலில் கிடந்தான். காளியண்ணன் போய்விட்டார் என்று அங்கிருந்து அவன் போன் செய்தபோது அக்கா தனியாக வீட்டுக்குள் இருந்தார். உடல் ஊருக்கு வரவில்லை. பொதிந்து கட்டி சேலத்திலேயே எரித்து, சாம்பலை ஒரு சொம்பில் கொடுத்தார்கள்.

அந்த வருஷம் எனக்குத் தொழில் படுத்துவிட்டது. சொன்னால் சிரிப்பீர்கள். சாவு அத்தனை பெருத்துக் கிடந்தது, நாற்காலி கேட்க நாதியில்லை. எல்லாவற்றையும் குடோனில் அடுக்கி வைத்துவிட்டு அதன் மேல் பல்லி ஓடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

காளியண்ணன் சாவுக்கு ஒரு ஆள்கூடப் போகவில்லை. போகவும் முடியாது. போலீஸ் நின்றது, பயமும் நின்றது. சரி, அடங்கட்டும், பிறகு போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அடங்கியது. முதலில் வந்தது கல்யாணம்தான். தள்ளிப்போட்ட கல்யாணமெல்லாம் ஒரே மாதத்தில் வந்து விழுந்தது. அங்கேதான் உறவுக்காரர்கள் அக்காவை முதல் முறையாகப் பார்த்தார்கள். கல்யாண வீட்டில் துக்கம் கேட்க முடியுமா? "நல்லாருக்கறயா சென்னீ?" என்று கேட்டுவிட்டுப் பந்திக்குப் போனார்கள். அதற்கப்புறமும் ஏன் போய்க் கேட்கவில்லை என்றால், ஆறின புண்ணை எதற்குக் கிளறுவது என்றார்கள். ஆறிவிட்டது என்று இவர்களுக்கு யார் வந்து சொன்னார்களோ தெரியாது. ஒரு தடவை அக்கா என்னிடமே வாய்விட்டுச் சொன்னார்.

"ஊருல நாய் செத்தாக்கூட எப்படிச் செத்துச்சுன்னு கேக்கறாங்க தனபாலு. எம்பட ஊட்டுக்காரரு எப்படிச் செத்தாருன்னு என்னைய ஒருத்தரும் கேக்கலியே."

கேட்டுவிடலாம் என்று வாய் வரை வந்தது. ஆனால் நான் சாமியானாக்காரன். கேட்க வேண்டியவர்கள் பெரியவர்கள், பெண்கள். நான் கேட்டால் அது துக்கம் கேட்டதாகாது, வாடகைக்கு விசாரித்தது மாதிரி இருக்கும்.

அக்காவை மட்டும் பைத்தியம் என்று சொல்வதற்கு எங்கள் ஊரில் யோக்கியதை உள்ளவர்கள் குறைவு. தமிழரசு வாத்தியார் இன்றைக்கும் மண்டபத்துக்குள் நுழைவதற்கு முன் சட்டைப் பையிலிருந்து அந்த விரலில் மாட்டி ஆக்ஸிஜன் பார்க்கிற மிஷினை எடுத்து மாட்டிப் பார்த்துக்கொள்வார். நம்பர் சரியாக இருந்தால்தான் மொய் எழுதுவார். என் பொண்டாட்டி ஒரு மூட்டை அரிசி பிரித்தால் அடுத்த மூட்டை வீட்டுக்கு வந்தாக வேண்டும், இல்லையென்றால் தூக்கமில்லை. பஸ்ஸில் எவனாவது தொடர்ந்து இருமினால் முன் சீட்டுக்காரர்களின் கழுத்து விறைக்கும், கவனித்துப் பாருங்கள். நான் மட்டும் யோக்கியமா? ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, சத்தம் கரைந்த பிறகுதான் கிளப்புவேன். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்துத் திட்டுவான், திட்டட்டும்.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் கௌசிக் போன தையில் ஊருக்கு வந்தபோது குடோனுக்கே வந்துவிட்டான். நல்ல பையன். அன்றைக்கு முகம் சரியில்லை.

"அண்ணா, இனிமே அம்மாவுக்கு எழவு சமாச்சாரம் எதும் சொல்லாதீங்க. ஊரே சிரிக்குதுங்க. எழவு ஊட்டுக்குன்னே ஒரு பொம்பள இருக்குதுன்னு எங்க மாமனார் ஊட்டுலயே பேசறாங்க."

"நானாடா போகச் சொன்னேன்? அவங்க கேக்கறாங்க, சொல்றேன்."

"நீங்க சொல்றதுனாலதான் போறாங்க. எங்ககூட வந்து இருங்கன்னா மாட்டேங்கறாங்க. ஏன்னு கேட்டா, அங்க பக்கத்து ஊட்டுல எழவு உழுந்தாக்கூட லிப்டுல எறக்கிக் கொண்டு போயிருவாங்க, நமக்குத் தெரியாதுங்கறாங்க."

அவனுக்குச் சிரிப்பு வந்தது, உடனே கண்ணும் கலங்கியது. இவனும் ஆஸ்பத்திரி வாசலில் கிடந்தவன்தானே என்று நினைத்துக்கொண்டு, சரி என்று தலையாட்டிவிட்டேன்.

தலையாட்டியது தப்பாகப் போயிற்று. மறுநாளிலிருந்து எந்தச் சாவும் இல்லை என்று சொல்ல ஆரம்பித்தேன். இத்தனை ஊரில் ஒருத்தரும் சாகவில்லை என்றால் பச்சைக் குழந்தை நம்புமா? அக்கா போன் போடுவதை நிறுத்திவிட்டார். ஆனால் என் வண்டி குடோனை விட்டுக் கிளம்பினால் கொஞ்ச தூரத்தில் கண்ணாடியில் ஒரு நீல ஸ்கூட்டி தெரியும். நான் டீக்கடையில் நிறுத்தினால் அது புளியமரத்தடியில் நிற்கும். நான் கிளம்பினால் அதுவும் கிளம்பும். காதுகுத்து, புதுமனை, கட்சிக் கூட்டம் என்று எங்கே போனாலும் வாசல் வரை வந்து, வாழைமரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். எனக்கு ஆத்திரமாக வந்தது. பாவமாகவும் இருந்தது.

அந்த வியாழக்கிழமை நான் போனது இளம்பிள்ளை ரோட்டில் ஒரு தோட்டத்து வீட்டுக்கு. சின்னண்ணன் என்று ஒரு பெரியவர். கிணற்று மோட்டார் ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, சேலத்து ஆஸ்பத்திரியில் வெகுநாள் கிடந்தார். இனித் தேறமாட்டார் என்றார்கள், தேறிவிட்டார். அன்றைக்கு வீட்டுக்குக் கூட்டி வருகிறார்கள், மறுநாள் கருப்பணாருக்குக் கிடா வெட்டு. அதற்குத்தான் பந்தல். கால் ஊன்றி மேலே வெள்ளைத் துணி மட்டும் போட்டிருந்தேன். கலர் துணியும் சீரியல் பல்பும் வண்டியிலேயே இருந்தன. வாழைமரம் வெட்ட ஆள் போயிருந்தது. அந்த நேரம் பார்த்து ஆம்புலன்ஸ் வந்தது. உட்கார வைத்துக் கூட்டி வர முடியாதென்று படுக்க வைத்தே கொண்டு வந்திருந்தார்கள். கிடா வெட்டுக்கு வந்திருந்த ஒறம்பரைச் சனமெல்லாம் ஓடி வந்து சூழ்ந்துகொண்டது. ஸ்ட்ரெச்சரை இறக்கி, பந்தலுக்குள் கயிற்றுக் கட்டிலில் பெரியவரைக் கிடத்தினார்கள். கழுத்து வரை வெள்ளைப் போர்வை.

ரோட்டிலிருந்து பார்ப்பவருக்கு என்ன தெரியும்? வெள்ளைப் பந்தல், ஆம்புலன்ஸ், கூட்டம், என் நாற்காலி.

ஸ்கூட்டி விழுகிற சத்தம் கேட்டுத் திரும்பினேன். ஸ்டாண்டு போடக்கூட அக்காவுக்குப் பொறுமை இல்லை. மாராப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடி வருகிறார். என் இரண்டு கையிலும் நாற்காலி அடுக்கு.

"அக்கா! இல்லீங்க! அக்கா, நில்லுங்க!"

எங்கே நிற்பது? அழுகைச் சத்தம் எனக்கு முன்னால் பந்தலுக்குள் போய்விட்டது. கட்டில் பக்கத்தில் நின்றிருந்த பெரியவரின் மனைவி நல்லம்மாளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு எடுத்த எடுப்பில் பாட ஆரம்பித்துவிட்டார்.

"நாடெல்லாம் சுத்தி வந்த ராசா,
நாலூரு தாண்டலியே இந்தத் தரம்!
லாரிய ஓரங்கட்டி
லைன விட்டுப் போனீங்களே!
பொட்டலமாக் கட்டி எரிச்சாங்களே,
பொன்னான மொகம் பாக்கலியே!"

கட்டிலில் இருந்த பெரியவர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"ஆரு செத்தது?" என்றார்.

அக்கா பாட்டை நிறுத்தினார். பெரியவரைப் பார்த்தார். நல்லம்மாளின் நெற்றிப் பொட்டைப் பார்த்தார். பிடித்திருந்த கையை விட்டுவிட்டு இரண்டடி பின்னால் போனார். அந்த முகத்தை நான் விவரிக்கப் போவதில்லை, எனக்கு வராது.

சின்னண்ணனின் மகன் பூபதி கோபக்காரன். அன்றைக்கு யாராக இருந்தாலும் கோபம் வரத்தான் செய்யும். "எங்கப்பன் உசுரோட ஊடு வந்து காலு மணி நேரம் ஆவல, ஒப்பாரி வெக்கறயா? ஆருடி நீ? எவ அனுப்புனது உன்னைய?" என்று எகிறினான். "மஞ்சத்தண்ணி கொண்டாங்க, ஊடு பூராத் தெளிங்க. இந்தப் பொம்பளைய மொதல்ல வெளிய தொரத்துங்க." ஒரு சின்னம்மா கையைப் பிடித்து இழுக்கவே வந்துவிட்டார். நான் நாற்காலிகளைப் போட்டுவிட்டு நடுவில் பாய்ந்தேன். தெரிஞ்சவங்கதான், தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க, மன்னிச்சுக்கங்க என்று என்னென்னவோ உளறினேன். அக்கா கும்பிட்ட கை கும்பிட்டபடி வாசலைப் பார்த்து நடந்தார்.

"சித்த நில்லு சாமி," என்றார் நல்லம்மாள்.

பூபதி, "அம்மா, நீ சும்மா இரு," என்றான்.

"நீ சும்மா இருடா. எம்பட ஊட்டுக்காரரு லாரியே ஏறுனதில்ல. இந்தப் புள்ள லாரிங்குது, லைனுங்குது. அது எனக்கு அழுவல. நீ ஆருக்கு சாமி அழுத?"

எழவு வீட்டில் அவரவர் துக்கத்தைத்தான் அவரவர் அழுவார்கள் என்று சொல்வதுண்டு. இத்தனை வருஷமாக அக்கா எத்தனை வீட்டில் லாரியையும் லைனையும் சொல்லி அழுதிருப்பார்! நூறு பேர் சேர்ந்து அழுகிற இடத்தில் அது யார் காதிலும் விழவில்லை. இங்கே வேறு யாரும் அழவில்லை, அதனால் கேட்டுவிட்டது.

"எங்கூட்டுக்காரருக்குங்க," என்றார் அக்கா.

"எப்ப தவறுனாரு?"

"கொரோனாவுலங்க."

யாரோ உச்சுக் கொட்டினார்கள். அவ்வளவுதான், இதற்குமேல் யாரும் கேட்கமாட்டார்கள், அந்த ஒரு வார்த்தையோடு எல்லோருக்கும் எல்லாம் தெரிந்த மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேன். நல்லம்மாள் அக்காவின் தோளில் கை போட்டு, கட்டிலை ஒட்டித் தரையில் உட்கார வைத்து, தானும் எதிரில் உட்கார்ந்தார். "அத்த, நல்ல காரியம் நடக்கற ஊட்டுலங்க..." என்று ஒரு மருமகள் இழுத்தாள். "நாளைக்குத்தான் கிடா வெட்டு, இன்னிக்கு இல்ல," என்றார் நல்லம்மாள். பிறகு அக்காவின் முகத்துக்கு நேராகக் குனிந்து, "எப்படி சாமி ஆச்சு?" என்று கேட்டார்.

அக்கா என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். நாக்பூரிலிருந்து வந்து இறங்கியது, உடம்பு வலி என்று கசாயம் குடித்தது, ஆம்புலன்ஸில் ஏறும்போது செருப்பை மறந்து திரும்பி வந்து போட்டுக்கொண்டது. கேட்டில் கட்டின பேனருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தது. எனக்குத் தெரியாதது எவ்வளவோ இருந்தது. நல்லம்மாள் நடுநடுவே 'உம்' கொட்டினார்.

"கடைசியா என்ன உண்டாரு?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

"தண்ணி ஆரு குடுத்தாங்க?"

"தெரியலீங்க," என்றார் அக்கா. "லைனுக்குப் போனாக்கூட பொழுதானா போன் போட்டு, இந்த ஊருல ரொட்டி தின்னன், இந்த ஊருல சோறு கெடச்சுதுன்னு சொல்லுவாருங்க. ஆஸ்பத்திரிக்குப் போயி ஒண்ணும் சொல்லலீங்க. மூச்சுதான் வாங்குச்சு. அப்பறம் போன் போவல. போற எடத்துலயெல்லாம் நான் இதையத்தான் கேக்கறனுங்க. எல்லாருக்கும் பதிலு இருக்குது. மவன் ஊத்துனாங்கறாங்க, மருமவ ஊத்துனாங்கறாங்க. எங்கிட்டத்தான் பதிலு இல்லீங்க."

நல்லம்மாளுக்கும் அதற்குமேல் என்ன கேட்பதென்று தெரியவில்லை போலிருந்தது. துக்கம் கேட்கிற வழக்கத்தில் 'தெரியலீங்க' என்ற பதிலுக்கு அடுத்த கேள்வி கிடையாது.

கட்டிலிலிருந்து பெரியவர் இருமினார்.

"எனக்குப் பக்கத்துக் கட்டல்ல ஆத்தூர்ப் பக்கத்து ஆளு ஒருத்தன் கெடந்தான்," என்றார். "பேரு தெரியாது. கேக்கவும் இல்ல. ஊட்டாளுங்க பக்கத்துல இல்லாத நேரம் நாக்கு வறண்டுச்சுன்னா நான் சத்தம்கூடப் போடமாட்டன், இப்படிக் கையக் காட்டுவன். எந்திரிச்சு வந்து ஊத்திட்டுப் போவான். அவனுக்கே ஒரு கை கட்டு. அங்க படுத்திருக்கறவனுக்குப் படுத்திருக்கறவன்தான் சாமி தொணை. உங்கூட்டுக்காரருக்கும் ஆராச்சும் ஊத்தியிருப்பான்."

"மெய்யாலுங்களாய்யா?"

"நான் அங்கிருந்துதான வாரேன்? பொய் சொல்லி எனக்கென்ன ஆவப்போவுது?"

அக்கா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். கையில் சாவி இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். வண்டியிலேயே விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார்.

"கையக் காட்டுனா வருவாங்களாய்யா? பேச முடியாட்டியும்?"

"வருவாங்க."

"இன்னொருக்காச் சொல்லுங்கய்யா."

மஞ்சள் தண்ணீர்ச் சொம்போடு வந்த பூபதி அப்பாவைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், சொம்பைக் கீழே வைத்துவிட்டு என் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். பெரியவர் தலையணையில் தலையைச் சரி செய்துகொண்டு, ஆத்தூர்க்காரனின் கதையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.